இறந்த நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்கள்: போஸ்ட்டாக் போக வழி கேட்கிறேன்

ஜவ்வாதுமலை
ஆகஸ்ட் 23, இரவு 11:52

எல்லாருக்கும் வணக்கம். பிஎச்டி கடைசி வருஷத்துல இருக்கேன். தீசிஸ், உலோகம் குறைஞ்ச செம்பூத நட்சத்திரங்களோட (வயசாகி வீங்கிச் சிவந்தவை) வேதியியல். தரவுல பாதி, காவலூர் 2.34 மீட்டர் தொலைநோக்கியில எஷெல் நிறமாலைமானி (ஒளியை நிறம் நிறமாப் பிரிக்கிற கருவி) வச்சு நானே எடுத்தது. டிசம்பருக்குள்ள தீசிஸ் கொடுத்துடுவேன். வைவா (வாய்மொழித் தேர்வு) முடிய அடுத்த ஏப்ரல், மே ஆயிடும்.

அடுத்து போஸ்ட்டாக், பிஎச்டிக்கு அப்புறம் சில வருஷம் பண்ற ஆராய்ச்சி வேலை. அது எதுலன்னு யோசிச்சா மனசு வெண்குறுமீன் பக்கமே போகுது, எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் விட்டுட்டுப் போற சின்ன, அடர்த்தியான மையம் அது. போன வருஷம் ஒரு செமினார்ல வான் மானென் நட்சத்திரத்தோட பழைய நிறமாலையைக் காட்டினாங்க. 1917ல மவுண்ட் வில்சன்ல எடுத்த கண்ணாடித் தட்டு. அதுல கால்சியம் கோடுகள் (அந்தத் தனிமம் ஒளியில விடற அடையாளம்) பளிச்சுன்னு இருக்கு. ஒரு வெண்குறுமீன் மேல அது இருக்கவே கூடாது. அது ஒரு கோள்மண்டலத்தோட இடிபாடுன்னு புரிய எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரி தூங்கலை.

ரெண்டு கேள்வி. வெண்குறுமீன் பத்தி ஒரு பேப்பர்கூட இல்லாம இந்தத் துறையில இடம் கேட்கலாமா? எங்க, எப்ப அப்ளை பண்ணணும்?

மூணாவது, எங்க அம்மாவோட கேள்வி. "உயிரோட இத்தனை நட்சத்திரம் இருக்கையில செத்ததை ஏம்மா தேடிப் போற?" நல்ல கேள்வி. எனக்கு முழுசா பதில் சொல்ல வரலை.


பழையமீன்
ஆகஸ்ட் 24, காலை 5:10

இங்கிலாந்துல ரெண்டாவது போஸ்ட்டாக் பண்றேன், இதே துறை. அம்மாவோட கேள்வியிலேருந்து தொடங்கறேன், மத்த ரெண்டுக்கும் பதில் அதுக்குள்ளேயே இருக்கு.

உயிரோட இருக்கிற நட்சத்திரத்தைச் சுத்தற கோளுக்கு ஆரமும் நிறையும் அளந்தா அடர்த்தி கிடைக்கும். அதுக்கு மேல, உள்ளே என்ன இருக்குன்னு கேட்டா மாடல்தான் பதில் சொல்லணும். இரும்பைக் கூட்டி, தண்ணியைக் கூட்டின்னு ஒரே அடர்த்தியைப் பல கலவையில கொண்டுவந்துடலாம். வெண்குறுமீன் கதை வேற. சூரியனோட நிறையில பாதிக்குக் கொஞ்சம் மேல, உருவம் பூமி அளவு. மேற்பரப்புல ஈர்ப்பு பூமியை விட ஒரு லட்சம் மடங்கு. எடையுள்ள தனிமம் எதுவும் மேல நிக்காது, இறங்கிடும். ஹைட்ரஜனோ ஹீலியமோதான் மேல மிஞ்சும். அப்படிப்பட்ட இடத்துல மெக்னீசியம், சிலிக்கான், இரும்பு தெரிஞ்சா, சமீபத்துல ஏதோ விழுந்திருக்கு, பெரும்பாலும் நொறுங்கின சிறுகோள். ஒரு அன்னியக் கோள்மண்டலத்தோட பாறையைத் தனிமம் தனிமமாப் பிரிச்சுப் பார்க்க வேற வழி நமக்கு இல்லை.

ஜிடி 61ன்னு ஒரு வெண்குறுமீன். 2013ல ஃபரிஹி, கான்சிகே, கெஸ்டர் மூணு பேரும் போட்ட பேப்பரைக் கட்டாயம் படிங்க. ஆக்சிஜனைக் கணக்கு எடுத்தாங்க. மெக்னீசியம் இவ்வளவு, அதோட சேர இவ்வளவு ஆக்சிஜன் வேணும். சிலிக்கானுக்கு இவ்வளவு, இரும்புக்கு இவ்வளவுன்னு பங்கு கொடுத்துட்டே வந்தா, எல்லாருக்கும் கொடுத்தப்புறமும் ஆக்சிஜன் மிஞ்சுது. கார்பன் அங்க ரொம்பக் குறைவு, அதனால கார்பன் டைஆக்சைடுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. மிஞ்சினது தண்ணியாத்தான் வந்திருக்கணும். நிறையில 26 சதவீதம் தண்ணி இருந்த ஒரு கல். பூமி மொத்தத்துல தண்ணி 0.1 சதவீதம்கூட இல்லைங்கிறதை நினைச்சுப் பாருங்க.

இப்ப உங்க முதல் கேள்வி. கோடோட அகலத்தை அளந்து, மாடல் வளிமண்டலம் வச்சு, தனிமத்தோட அளவைக் கண்டுபிடிக்கிறதுதானே உங்க தீசிஸ்? எங்க தினசரி வேலையும் அதுதான். ஈர்ப்பு அதிகம், கோடுகள் அகலம், கணினி நிரல் வேற. ஆறு மாசத்துல பழகிடும். பேப்பர் இல்லைங்கிறது தடை இல்லை. செம்பூதத்துலேருந்து இங்க வர நீங்க என்ன கேள்வியைக் கொண்டு வர்றீங்கன்னு சொல்லத் தெரியாததுதான் தடை.


அந்திவானம்
ஆகஸ்ட் 24, காலை 9:33

நானும் பிஎச்டி நாலாவது வருஷம். இழையைத் தொடர்கிறேன். செத்த நட்சத்திரம்னா பல்சாரும் (வேகமா சுழலற நியூட்ரான் நட்சத்திரம்) அதுல சேர்த்திதானே? முதல் புறக்கோள்களே (சூரியனை இல்லாம வேற நட்சத்திரத்தைச் சுத்தற கோள்கள்) அங்கதானே கிடைச்சது?


மூவுடல்
ஆகஸ்ட் 24, காலை 10:05

ஆமாம், 1992. வோல்ஷானும் ஃப்ரெய்லும், அரெசிபோ தொலைநோக்கி, பிஎஸ்ஆர் பி1257+12. ஆனா அதுக்கப்புறம் அந்த மாதிரி கோள்மண்டலம் ரொம்ப அபூர்வமாத்தான் கிடைச்சிருக்கு. அதனால 'பல்சார் கோள்கள்'னே தனியா போஸ்ட்டாக் விளம்பரம் வர்றதைப் பார்க்கிறது அரிது. பல்சார் நேர அளவீட்டுக் குழுவுல சேர்ந்து, அதோட இதையும் பண்ணணும். ஊட்டி ரேடியோ தொலைநோக்கி, புனே பக்கத்து ஜிஎம்ஆர்டி பக்கம் பழக்கம் இருந்தா அது நல்ல வழி.

ஜவ்வாதுமலைக்கு: நான் இயக்கவியல் ஆள், கணினியில கோள்களை ஓட்டிப் பார்க்கிறவன். பழையமீன் சொன்னதுல விட்டுப்போன பாதியைச் சொல்றேன். அந்தக் கல் அங்க எப்படி வந்துச்சு?

நட்சத்திரம் செம்பூதமா வீங்கினப்ப பக்கத்துல இருந்ததை எல்லாம் விழுங்கிடுச்சு. நம்ம சூரியனுக்கும் இன்னும் சுமார் 500 கோடி வருஷத்துல இதே கதிதான். புதன், வெள்ளி போகும், பூமி பிழைக்குமா இல்லையாங்கிறது இழுபறி, செவ்வாய்க்கு அப்புறம் இருக்கிறது தப்பிக்கும். அப்ப வெண்குறுமீனுக்குச் சூரிய ஆரம் அளவு தூரத்துல இன்னிக்குத் தூசித்தட்டு இருக்குன்னா, அது பின்னாடி வெளியிலிருந்து வந்தது. நட்சத்திரம் தன் நிறையில பாதியை இழக்கும்போது எல்லாப் பாதையும் விரியும். விரிஞ்சாலும், மைய நிறை குறைஞ்சதால, அதோட இழுப்போட ஒப்பிட்டா கோள்கள் ஒண்ணை ஒண்ணு இழுக்கிறது முன்னைவிட பலமாயிடும். நூறு கோடி வருஷம் ஒழுங்கா சுத்தினது தடுமாறும். சிறுகோள்கள் உள்ளே எறியப்படும். 2002ல டெபிஸும் சிகர்ட்சனும் இதைச் சொன்னாங்க. 2003ல ஜூரா, ஜி29-38ங்கிற வெண்குறுமீன்ல தெரிஞ்ச அகச்சிவப்பு ஒளி கிழிஞ்ச சிறுகோளோட தூசின்னு காட்டினார். அந்த ஒளியை 1987லேயே ஸுக்கர்மனும் பெக்லினும் பிடிச்சிருந்தாங்க, அப்ப பழுப்புக் குறுமீனா (நட்சத்திரமா எரியற அளவு நிறை இல்லாதது) இருக்கலாம்னு நினைச்சாங்க. 2015ல டபிள்யூடி 1145+017ங்கிற வெண்குறுமீன் கிடைச்சதும் வாதமே முடிஞ்சுது: நாலரை மணி நேரத்துக்கு ஒரு சுத்து, நட்சத்திரத்தை மறைச்சு மறைச்சுப் போற நொறுங்கின துண்டுகள்.

ஆனா ஒண்ணுல பழையமீனோட எனக்கு முழு உடன்பாடு இல்லை. "பாறையைத் தனிமம் தனிமமாப் பார்க்கலாம்"னு சொல்லும்போது இடையில ஒரு படியைத் தாண்டிப் போயிடறோம். நிறமாலையில தெரியறது விழுந்த கல் இல்லை. விழுந்து, பாதி மூழ்கி, மிஞ்சி நிக்கறது. இரும்பு சீக்கிரம் மூழ்கும், மெக்னீசியம் மெதுவா மூழ்கும். விழறது நின்னு நாளானா மிஞ்சறதுல மெக்னீசியம் தூக்கலாத் தெரியும். "ஆஹா, கோளோட மூடகப் பாறை (மேலோட்டுக்குக் கீழே இருக்கிற அடுக்கு)"ன்னு பேப்பர் எழுதிடலாம். அது சாதாரணக் கல்லாவே இருந்திருக்கும்.


பழையமீன்
ஆகஸ்ட் 24, மாலை 6:41

நியாயமான எதிர்ப்பு. ஆனா எல்லா வெண்குறுமீனுக்கும் அதை ஒரே மாதிரி வைக்க முடியாது. சூடான, ஹைட்ரஜன் வளிமண்டலம் உள்ளதுல மூழ்கற நேரம் சில நாள்லேருந்து சில வருஷம்தான். அங்க பொருள் தெரியுதுன்னா இப்ப, இந்த நிமிஷம் விழுந்துட்டு இருக்குன்னு அர்த்தம். மூழ்கற வேகத்துக்குத் திருத்தம் போட்டா விழற பொருளோட கலவை நேரடியா வந்துடும். சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி ஜி29-38 மேல பொருள் விழறப்ப வர்ற எக்ஸ்ரேயையே பிடிச்சதா 2022ல பேப்பர் வந்துச்சு. நிறமாலையை வச்சுப் போட்ட கணக்கும் அதுவும் ஒத்துவந்துச்சு. நீங்க சொல்ற சிக்கல் குளிர்ந்த ஹீலியம் வளிமண்டலத்துல. அங்க மூழ்க லட்சக்கணக்கான வருஷம் ஆகும், விழறது எப்ப நின்னுச்சுன்னு தெரியாது.


மூவுடல்
ஆகஸ்ட் 24, இரவு 8:15

ஒத்துக்கறேன். ஆனா நிறைய தனிமம் தெரியறது அந்த ஹீலியம் நட்சத்திரங்கள்லதான். அதனாலதான் எல்லாரும் அங்க போறாங்க, அதனாலதான் பிரச்சினை. விழுந்தது ஒரே பெரிய கல்லா, நூறு சின்னக் கல்லோட கலவையாங்கிற கேள்வி வேற அப்படியே நிக்குது.

ஜவ்வாதுமலை, இதைக் கேட்டு பயந்துடாதீங்க. ஒரு துறையில எது நிச்சயம், எது இன்னும் ஆடிட்டு இருக்குன்னு தெரிஞ்சு எழுதின ஆராய்ச்சித் திட்டம் தேர்வுக்குழு கண்ணுல தனியாத் தெரியும்.


யாழ்வானம்
ஆகஸ்ட் 25, அதிகாலை 2:20

நான் கனடாவிலை இருந்து எழுதுறன். இரண்டு பேரும் கல்லைப் பற்றியே கதைச்சுக்கொண்டு இருக்கிறீங்கள், முழுக் கோள்களைப் பற்றியும் சொல்லத்தானே வேணும்.

டபிள்யூடி 1856+534. 2020இலை கண்டுபிடிச்சது. வியாழன் அளவான கோள் ஒன்று 1.4 நாளுக்கு ஒருக்கா அந்த வெண்குறுமீனைச் சுத்துது. நட்சத்திரத்தை விடக் கோள் ஏழு மடங்கு பெரிசு! 2025இலை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அதின்ரை வெப்ப ஒளியை அளந்தது: 186 கெல்வின், எங்கடை கணக்கிலை மைனஸ் 87 செல்சியஸ். நிறை வியாழனைப் போலை ஆறு மடங்குக்கு மேலை இருக்கேலாது எண்டும் அதிலை இருந்து தெரிஞ்சுது. செம்பூதத்தின்ரை வயித்துக்குள்ளை இருந்திருக்க வேண்டிய இடத்திலை அது எப்பிடி நிக்குது எண்டதுக்கு ஆராலும் இன்னும் முடிவாச் சொல்லேலாமல் இருக்கு. 2024இலை வேறை இரண்டு வெண்குறுமீன்களுக்குப் பக்கத்திலை பெருங்கோள் போலை இரண்டு புள்ளி ஜேம்ஸ் வெப் படத்திலை தெரிஞ்சது. அறிவிச்ச நேரம் அதுகள் உறுதிப்படாத வேட்பாளர்கள்தான்.

தங்கச்சி, உங்களுக்கு நான் சொல்லுறது ஒண்டுதான். கண்ணுக்குத் தெரியிற ஒளியிலை மட்டும் நிக்காதேங்கோ. ஜேம்ஸ் வெப் தரவு கன இடத்திலை ஒரு வருஷத்துக்குள்ளை எல்லாருக்கும் திறந்துவிடுவினம். தீசிஸ் குடுத்த கையோடை ஒரு நட்சத்திரத்தின்ரை தரவை இறக்கி, நீங்களே பைப்லைனிலை (தரவைப் பதப்படுத்துற மென்பொருள்) ஓட்டிப் பாருங்கோ. விண்ணப்பத்திலை 'பழக விருப்பம்' எண்டு எழுதுறதுக்கும் 'செய்து பாத்தன், இந்த இடத்திலை இடறினது' எண்டு எழுதுறதுக்கும் வித்தியாசம் இருக்கு.


பழையமீன்
ஆகஸ்ட் 25, இரவு 10:30

இப்ப நாள்காட்டி.

போஸ்ட்டாக் ரெண்டு வகை. ஒண்ணு, ஒரு பேராசிரியர் வாங்கின நிதியில அவரோட திட்டத்துக்கு ஆள் எடுக்கிறது. ரெண்டு, ஃபெலோஷிப், திட்டமும் உங்களுது, பணமும் உங்க பேர்ல. முதல் வகை விளம்பரம் பெரும்பாலும் அமெரிக்க வானியல் கழகத்தோட வேலைப் பதிவேட்டுலதான் வரும். செப்டம்பர்லேருந்து டிசம்பர் வரைக்கும் கொட்டும், கடைசித் தேதி அக்டோபர்லேருந்து ஜனவரிக்குள்ள. ஆஃபர் ஜனவரி, பிப்ரவரி. பிப்ரவரி 15க்கு முன்னாடி முடிவு சொல்லச் சொல்லி நெருக்கக் கூடாதுன்னு ரொம்ப காலமா ஒரு வழக்கம் இருக்கு. யாராவது அவசரப்படுத்தினா அதை மரியாதையா நினைவுபடுத்தலாம்.

வடகிழக்குப் பருவமழையில காவலூர்ல மேகம் மூடித்தான் கிடக்கும். அந்த மாசங்களை அப்ளிகேஷனுக்கு ஒதுக்கிடுங்க.

ஃபெலோஷிப்ல ஒரு பள்ளம் இருக்கு, பல பேர் விழுவாங்க. ஐரோப்பாவோட மேரி கியூரி ஃபெலோஷிப்புக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் செப்டம்பர். அந்தத் தேதிக்கு முன்னாடி நீங்க பிஎச்டியை முடிச்சிருக்கணும். வைவா அடுத்த மேன்னா இந்த வருஷம் உங்களுக்கு அது இல்லை, அடுத்த வருஷம்தான். போகப்போற நாட்டுல முந்தின 36 மாசத்துல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கவும் கூடாது. இதனால முதல்ல ஜெர்மனி போஸ்ட்டாக், அப்புறம் அங்கேயே மேரி கியூரின்னு போட்ட திட்டம் உடைஞ்சுபோனதைப் பார்த்திருக்கேன். நாசாவோட ஹப்பிள் ஃபெலோஷிப் நவம்பர் தொடக்கத்துல. அந்த வருஷ அறிவிப்பை வரி விடாம படிச்சுட்டுப் போடுங்க. என்எஸ்எஃப் (அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை) ஃபெலோஷிப் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவங்களுக்கும்தான், நேரத்தை வீணாக்க வேண்டாம். சிலியில தங்கி வேலை பார்க்கத் துணிவு இருந்தா ஐரோப்பிய தெற்கு ஆய்வகத்தோட ஃபெலோஷிப் அருமை. மூணு வருஷத்தோட ஒரு வருஷம் கூடவும் கிடைக்கும்.

இந்தத் துறை வளர்ந்த இடங்கள் கைவிரல்ல அடங்கும்: வார்விக், கேம்பிரிட்ஜ், லண்டன் யூசிஎல், லாஸ் ஏஞ்சலஸ் யூசிஎல்ஏ. துறை சின்னதா இருக்கிறதுல நல்லதும் உண்டு. நீங்க எழுதற மின்னஞ்சலை அந்தப் பேப்பர் எழுதினவரே படிப்பார். விளம்பரம் வர்றதுக்கு முன்னாடியே, செப்டம்பர்ல, பத்து வரியில எழுதுங்க. "உங்க குழுவில் இடம் உண்டா"ன்னு ஆரம்பிக்காதீங்க. அவரோட பேப்பர்ல உங்களுக்கு உண்மையாவே புரியாத ஒரு இடத்தைக் கேளுங்க.


ஊர்திரும்பி
ஆகஸ்ட் 26, காலை 7:15

நான் ரெண்டு போஸ்ட்டாக் முடிச்சுட்டு ஆராய்ச்சியை விட்டவன். இப்ப சென்னையில தரவுப் பகுப்பாய்வு வேலை. யாரையும் தடுக்க எழுதலை. எனக்கு யாரும் சொல்லாததைச் சொல்லணும்.

என் ரெண்டாவது இடத்துல ஒப்பந்தம் "2 + 1", ரெண்டு வருஷத்தோட இன்னும் ஒண்ணு. அந்த ஒண்ணு கட்டாயம் வரும்னு வாய்வார்த்தை. ரெண்டாவது வருஷம் பிப்ரவரியில நிதி இல்லைன்னு சொன்னாங்க. அந்த வருஷத்து விளம்பரங்கள் எல்லாம் மூடியாச்சு. மனைவி அப்ப ஏழு மாசம். ஊர் திரும்பினேன்.

அதனால ஆஃபர் வந்ததும் சந்தோஷத்துல உடனே சரின்னு சொல்லிடாதீங்க. மூணாவது வருஷப் பணம் கையில இருக்கா, இனிமே வரணுமா? இதை மின்னஞ்சல்ல எழுத்தா வாங்குங்க. முன்னாடி இருந்த போஸ்ட்டாக்குகள் இப்ப எங்க இருக்காங்கன்னு கேளுங்க, ரெண்டு பேரோட தனியா பேசுங்க. இங்கிலாந்துன்னா விசாக் கட்டணம் போக மருத்துவக் கூடுதல் கட்டணம் மட்டும் வருஷத்துக்கு 1,035 பவுண்டு. மூணு வருஷத்துக்கும் சேர்த்து முன்பணமாக் கட்டணும், 3,105 பவுண்டு. சம்பளம் ஒரு மாசம்கூட வாங்காத ஆளுக்கு அது எவ்வளவு பெரிய தொகைன்னு நம்ம வீடுகளுக்குத் தெரியும். பல பல்கலைக்கழகங்கள் திருப்பித் தரும், ஆனா கேட்டாத்தான் தரும். வானியல் ஆராய்ச்சிக்கு இந்தியர்களுக்கு ஏடிஏஎஸ் அனுமதியும் (சில அறிவியல் துறைகளுக்கு விசாவுக்கு முன்னாடி வாங்கற பாதுகாப்பு அனுமதி) வேணும், அதுக்குச் சில வாரம் எடுக்கும். சேரும் தேதியை அதையும் சேர்த்து வையுங்க.

இந்தியாவுலயும் போடுங்க. பெங்களூர் ஐஐஏ, புனே ஐயூகா, ரெண்டு வானியல் நிறுவனத்திலேயும் போஸ்ட்டாக் உண்டு. இந்தியாவோட ஆஸ்ட்ரோசாட் விண்கலத்தோட புற ஊதாத் தொலைநோக்கி எடுத்த தரவு திறந்தே கிடக்கு, வெண்குறுமீன் வேலைக்கு அது ஏத்தது. அதை இளப்பமா நினைக்கிற பழக்கம் நமக்கு வேண்டாம்.


மூவுடல்
ஆகஸ்ட் 26, மதியம் 1:02

ஊர்திரும்பி, எழுதினதுக்கு நன்றி. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

அதோட இதையும் வைக்கிறேன். கையா விண்கலத் தரவை வச்சு 2021ல வந்த பட்டியல்ல நம்பத்தகுந்த வெண்குறுமீன்கள் கிட்டத்தட்ட 3,59,000. அதுல நிறைய நட்சத்திரத்துக்கு நிறமாலை எடுக்க டெஸி, வீவ், 4மோஸ்ட், எஸ்டிஎஸ்எஸ் ஐந்தாம் கட்டம்னு பெரிய ஆய்வுகள் வரிசையா நிக்குது. நிறமாலையைக் கையில எடுத்துப் பழகின ஆள், இந்தக் கோடு நிஜம், இது இரைச்சல்னு சொல்லத் தெரிஞ்ச ஆள், கணினி எவ்வளவு வளர்ந்தாலும் வேணும்.


ஜவ்வாதுமலை
ஆகஸ்ட் 28, இரவு 11:20

மூணு நாளா எல்லாத்தையும் திரும்பத் திரும்பப் படிச்சேன். கண் கலங்கிட்டுதான் எழுதறேன், இவ்வளவு நேரம் எடுத்து யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆராய்ச்சித் திட்டத்தோட தொடக்கம் இப்படி எழுதியிருக்கேன்: "1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த 19 வயது சந்திரசேகர், இங்கிலாந்து செல்லும் கப்பலில் வெண்குறுமீனின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று கணக்கிட்டார். அவர் தொடங்கிய பாதையில்..." சரியா இருக்கா?


பழையமீன்
ஆகஸ்ட் 29, காலை 5:45

அந்த வரியை எடுத்துடுங்க. சந்திரசேகர் மேல எனக்கும் உங்க அளவுக்கு மரியாதை உண்டு. என் முதல் அப்ளிகேஷனும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. ஆனா உச்ச வரம்புக்கும் விழற கல்லுக்கும் சம்பந்தம் இல்லை. படிக்கிறவருக்கு வேண்டியது உங்க கேள்வி. முதல் மூணு வரிக்குள்ள அது வரணும்.


ஜவ்வாதுமலை
ஆகஸ்ட் 31, இரவு 9:07

நேத்து ஊருக்குப் போயிருந்தேன். அம்மாகிட்ட எப்படியாவது சொல்லிப் புரியவைக்கணும்னு உட்கார்ந்தேன். அந்த நட்சத்திரத்துல கனமானது எல்லாம் அடியில போயிடும், மேல சுத்தமா இருக்கும், ஆனா அழுக்காத் தெரியுதுன்னு ஆரம்பிச்சேன். அம்மா உடனே, "தேத்தாங்கொட்டை தேய்ச்ச பானை மாதிரியா?"ன்னு கேட்டாங்க. எங்க பாட்டி வீட்ல ஏரித் தண்ணியை அப்படித்தான் தெளிய வைப்பாங்க. பானை உள்பக்கம் கொட்டையைத் தேய்ச்சுத் தண்ணி ஊத்தினா சேறு அடியில படிஞ்சுடும். "தேய்ச்சு வச்ச பானையில கலங்கல் இருந்தா இப்பதான் யாரோ மண்ணைப் போட்டிருக்காங்க. அதைத்தானே சொல்ற?" ஆமாம்மான்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "எத்தனை நேரத்துல தெளியும்னு தெரிஞ்சாத்தானே எப்ப போட்டாங்கன்னு சொல்ல முடியும்? அது தெரியுமா?"ன்னாங்க.

மூவுடல் சாரும் பழையமீன் சாரும் போட்ட சண்டை முழுக்க அதுதான். எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

தொடக்கத்தை மாத்திட்டேன்: "ஹீலியம் வளிமண்டலம் கொண்ட வெண்குறுமீனில் இரும்பும் மெக்னீசியமும் வெவ்வேறு வேகத்தில் மூழ்குகின்றன. எனவே இன்று அளக்கும் விகிதம், விழுந்த பாறையின் விகிதம் அல்ல. மூழ்கும் வேகம் வேறுபடும் பல தனிமங்களை ஒரே நட்சத்திரத்தில் சேர்த்து அளந்தால், பாறை விழுவது எப்போது நின்றது என்பதற்கு எல்லை இட முடியுமா? செம்பூதங்களில் ஒரே நட்சத்திரத்துக்குப் பல தனிமங்களைச் சேர்த்து அளந்த அனுபவத்தைக் கொண்டு இதை அணுக விரும்புகிறேன்."


மூவுடல்
ஆகஸ்ட் 31, இரவு 9:40

இதுதான். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. "எல்லை இட முடியுமா" அடுத்து, எந்தெந்தத் தனிமம்னு பேர் சொல்லி எழுதுங்க. ஒரே தொலைநோக்கியில எது எது கிடைக்கும்னு ஒரு அட்டவணை போதும்.


யாழ்வானம்
செப்டம்பர் 1, அதிகாலை 1:15

வாசிச்சுப் போட்டுக் கொஞ்ச நேரம் அப்பிடியே இருந்திட்டன். எங்கடை அம்மம்மா வீட்டுக் கிணத்தடி ஞாபகம் வந்திட்டுது. அனுப்புங்கோ தங்கச்சி, வெப் தரவிலை எங்கையும் இடறினால் இங்கை கேளுங்கோ.


ஊர்திரும்பி
செப்டம்பர் 1, காலை 6:50

சிபாரிசுக் கடிதம் மூணு வேணும். கைடு ஒருத்தர், மத்த ரெண்டு பேர் யாருன்னு இந்த வாரமே முடிவு பண்ணிக் கேட்டுடுங்க. கடைசித் தேதிக்கு ஒரு மாசம் முன்னாடி ஒரு தடவை, ஒரு வாரம் முன்னாடி ஒரு தடவை நினைவுபடுத்துங்க. தயங்காதீங்க, அவங்களும் மறப்பாங்க.


ஜவ்வாதுமலை
செப்டம்பர் 1, காலை 8:12

கைடு சரின்னுட்டார். ரெண்டாவது ஆளுக்கு இப்பதான் எழுதினேன். அட்டவணையை ஞாயித்துக்கிழமை இங்க போடறேன், எல்லாரும் பார்த்துத் திருத்திக் கொடுங்க.